அந்தரத்தில் நின்ற அட்சதை

ஆவுடையூரில் அட்சதை அந்தரத்தில் நின்ற கதையைக் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் அட்சதையிலிருந்தே தொடங்கச் சொல்கிறார்கள். அப்படித் தொடங்கினால் கதைக்கு வால் இருக்கும், தலை இருக்காது. முறையாகச் சொல்வதென்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் கனி ஸ்டூடியோ வைத்திருக்கிற ஜெபக்கனி, மதுரைக்கு லைட் வாங்கப் போனதிலிருந்து சொல்ல வேண்டும். அந்த லைட்டை அவள் வாங்கிய விதத்தைக் கேட்டபிறகுதான் அவளை நீங்கள் மதிப்பீர்கள். மதிக்காதவர்களுக்கு நாங்கள் இந்தக் கதையைச் சொல்வதில்லை.

ஜெபக்கனியிடம் நல்ல டிஜிட்டல் கேமரா இருந்தது. இல்லாதது வெளிச்சம். கேமராவின் தலையில் உட்கார்ந்திருந்த குட்டி பிளாஷ் அடித்தால் நெற்றி சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுக்கும், பின்சுவரில் ஆளுக்கு ஒரு நிழல் பேய்போல எழுந்து நிற்கும். எங்கள் ஊரில் எத்தனையோ கருப்பு உண்டு, புளியங்கொட்டைக் கருப்பு, எள்ளுக் கருப்பு, நாவல்பழக் கருப்பு, மழையில் நனைந்த பனைமரத்தின் கருப்பு, அத்தனையையும் அந்தக் குட்டி பிளாஷ் ஒரே சாம்பலாக்கித் தந்துகொண்டிருந்தது. அந்தப் படங்களை அவள் தானே கொஞ்சம் வெட்கத்தோடுதான் கவரில் போட்டுக் கொடுப்பாள். நாங்களும் எங்கள் முகமே அவ்வளவுதான் போல என்று நினைத்து வாங்கிக்கொண்டு போவோம்.

ஒரு நாள் அவளுக்குத் தாங்கவில்லை. பெரிய பட்டணத்து ஸ்டூடியோக்களில் கம்பத்தில் ஏற்றி, குடை விரித்து வைத்து அடிக்கிற ஸ்ட்ரோப் லைட் இரண்டு வேண்டும் என்று முடிவு செய்தாள். விலையோ யானை விலையும் உண்டு, பூனை விலையும் உண்டு, நம் கைக்கு எது அடங்கும், அடங்குவதில் எது நிலைக்கும் என்று மூன்று மாதம் செல்போனில் வீடியோ பார்த்தாள், கண்ணில் பட்ட கேமராக்காரர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்டாள், கடைசியில் நான்கு கேள்விகளை ஒரு சீட்டில் எழுதி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு விடியற்காலை பஸ்ஸில் மதுரைக்குப் போனாள். கூடவே ஒரு பையில் ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு கருப்புச் சேலையும் ஒரு எவர்சில்வர் சொம்பும் கொண்டுபோனாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டு உட்கார்ந்தார்கள்.

கடையில் மூன்று விதமான லைட்டை எடுத்து வைத்தார்கள். ஜெபக்கனி வேட்டியையும் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, நடுவில் சொம்பை வைத்து, ஒவ்வொரு லைட்டையும் விடாமல் நாற்பது தடவை அடித்துப் படமெடுக்கப் பார்த்தாள். வேட்டியின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறதா, சேலையின் மடிப்பு கருப்புக்குள்ளும் தெரிகிறதா, சொம்பின் மேல் வெளிச்சம் திட்டாக எரியாமல் பரவுகிறதா, முதல் படத்து நிறமும் நாற்பதாவது படத்து நிறமும் ஒன்றா என்று பார்த்தாள். விலை குறைந்தது பத்தாவது அடிக்கே மஞ்சள் பூத்து, இருபதாவதில் தூங்கிப் போனது. விலை கூடியது ராஜா மாதிரி வேலை செய்தது, ஆனால் உள்ளே இருக்கிற டியூப் போனால் மும்பைக்கு அனுப்ப வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். நடுவில் இருந்தது பெயர் தெரியாத கம்பெனியின் ஜோடி, முன்னூறு வாட், இரண்டு குடை, இரண்டு கம்பம், எல்லாம் ஒரே பைக்குள். அது நாற்பது தடவையும் ஒரே வெளிச்சத்தைத் தந்தது, இரண்டு தடவை ஸ்தோத்திரம் சொல்வதற்குள் அடுத்த அடிக்குத் தயாரானது, கைக்குழந்தைக்கு ஏற்ற மாதிரி வெளிச்சத்தைக் குறைக்கத் திருகு இருந்தது, மாற்று டியூப் அந்தக் கடையிலேயே கிடைத்தது. கரண்ட் ஏறி இறங்கினால் தாங்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கடைசியாகப் பையைத் தோளில் மாட்டி, பஸ்ஸில் ஏறுவது மாதிரி கடையின் மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தாள்.

"அக்கா, லைட்டு வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?" என்றான் விற்பனைக்கு நின்றவன்.

"மாப்பிள்ளைன்னா இம்புட்டு கேள்வி கேக்க யாரு தம்பி விட்டா?" என்றாள் ஜெபக்கனி.

லைட் வந்தது, எங்கள் ஊருக்கு முகம் வந்தது. கல்யாண மண்டபம் கூட்டுகிற முத்துப்பேச்சி அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டு, படிக்கட்டில் நின்று அதைப் பார்த்து, "ஏளா, நான் இம்புட்டு அழகாவா இருக்கேன், ஒருத்தரும் சொல்லலியே!" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். நாங்கள் அவளைத் திரும்பிப் பார்த்தோம், அவள் அழகாகத்தான் இருந்தாள், இருபது வருஷமாக அழகாகத்தான் இருந்திருக்கிறாள், எங்களுக்குத்தான் வெளிச்சம் போதவில்லை. அதன்பிறகு காரணமே இல்லாமல் படம் எடுத்துக்கொள்ளப் போனோம். மாடு வாங்கியவன் மாட்டோடு போனான், மாடிப்படி ஏறாத மாட்டுக்காக ஜெபக்கனி லைட்டைத் தெருவுக்கு இறக்கினாள். நாங்கள் அவளை நினைத்துப் பெருமைப்பட்டோம், அதை அவளிடமே சொல்லவும் செய்தோம், எங்கள் ஊரில் அது அபூர்வம்.

ஆனி பதினெட்டில் கோமதிநாயகிக்கும் சண்முகவேலுக்கும் கல்யாணம். கோமதிநாயகி தென்காசியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், ஊசி குத்தினால் வலிக்காது என்று பெயர் வாங்கியவள். சண்முகவேல் செல்போன் டவரில் ஏறிப் பழுது பார்க்கிறவன், ஆடி பிறந்து மூன்றாம் நாள் ஒடிசாவுக்கு டவர் வேலைக்குப் போக வேண்டும், திரும்பிவர எட்டு மாதம் ஆகும், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. சௌந்தரம் மஹாலில் முகூர்த்தம். ஜெபக்கனி இரண்டு லைட்டையும் மணவறைக்கு இருபக்கமும் நிறுத்தி, குடை விரித்து, காத்திருந்தாள். கெட்டிமேளம் முழங்கியது, சண்முகவேல் தாலியைக் கட்டினான், பொண்ணும் மாப்பிள்ளையும் முறைப்படி தலையைக் குனிந்துகொண்டார்கள், சனம் மொத்தமும் எழுந்து நின்று மஞ்சள் அரிசியை அள்ளி எறிந்தது, அந்த நேரம் பார்த்து ஜெபக்கனி பொத்தானை அமுக்கினாள், இரண்டு குடையும் ஒன்றாக வெளுத்தன.

அரிசி விழவில்லை.

எறிந்த அரிசி எறிந்த உயரத்தில், மணவறைக்கு மேல் எட்டடி, ஒன்பதடியில், ஒரு மணிகூடக் கீழே இறங்காமல் அப்படியே நின்றது. கூடவே நாலைந்து ரோஜா இதழும் நின்றன, ஒரு ஈயும் சற்று நேரம் நின்றது, பிறகு அதற்கு வேறு வேலை இருந்ததால் பறந்து போய்விட்டது. நாங்கள் அண்ணாந்து பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தால் முதல் பந்தியில் இடம் போய்விடும் என்பதால் பாதிப்பேர் சாப்பிடப் போனோம். சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தபோதும் நின்றது. பாயசம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாலையில் மணவறையைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அரிசி மட்டும் வெறும் மேடைக்கு மேல் தொங்கியது. மஹால் மேனேஜர் சொக்கலிங்கம் தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, கயிறு கட்டி, அடுத்த கல்யாணத்துக்கு மணவறையை நாலடி தள்ளிப் போடச் சொன்னார், அந்தக் கல்யாணமும் குறையில்லாமல் நடந்தது. பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் விடுமுறை நாளில் வந்து எண்ணிவிட்டு ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று என்று சொன்னார், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மறுநாள் எண்ணிவிட்டு ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு என்றார். பெண்கள் கும்பலாக வந்து அவரவர் போட்ட அரிசியை அடையாளம் சொன்னார்கள். ஜோராகப் போட்டவளின் அரிசி உயரத்தில் நின்றது, கூச்சத்தோடு போட்டவளின் அரிசி ஓரத்தில் நின்றது, ஒருத்தி போட்டதில் நெல்லும் கலந்திருந்தது, அவள் அரிசி புடைக்கிற லட்சணம் ஊருக்கே தெரிந்துபோனது. மடியில் குழந்தை வேண்டும் என்பவர்கள் அடியில் வந்து நின்றார்கள், ஓட்டு வேண்டும் என்பவர்கள் பக்கத்தில் பேனர் கட்டினார்கள். முத்துப்பேச்சி மட்டும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று, "இருவது வருசத்துல இந்த ஒரு கல்யாணத்துலதான் எனக்கு அரிசி பொறுக்குத வேலை இல்ல. நல்லா இருக்கட்டும் பொண்ணும் மாப்பிள்ளையும்," என்றாள்.

ஆனால் பொண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இல்லை. எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. தலையில் விழுந்த அட்சதையைப் பொண்ணு தட்டிவிடாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும், வாசலில் மாமியார் அவள் தலையிலிருந்து ஒரு மணி எடுத்து வீட்டு அரிசிப் பானையில் போட வேண்டும், அதன்பிறகுதான் பொண்ணு நடை ஏற முடியும். கோமதிநாயகியின் தலையில் பூ இருந்தது, பொட்டு இருந்தது, ஒரு மணி அரிசி இல்லை. மாமியார் வடிவம்மாள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று அவள் தலையைப் பார்த்தாள், சுற்றி வந்து பின்தலையைப் பார்த்தாள், பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அட்சதை சேரல. சேருத வரைக்கும் அவ அம்மா வீட்டுல இருக்கட்டும்," என்றாள்.

பதிவாளர் ஆபீசில் கல்யாணம் பதிவாகிவிட்டது. சர்க்கார் பார்வையில் இருவரும் புருஷன் பெண்டாட்டி, வடிவம்மாள் பார்வையில் இல்லை. சர்க்கார் தென்காசியில் இருக்கிறது, வடிவம்மாள் வாசலில் நிற்கிறாள். ஆடி பிறக்க இரண்டு வாரம்கூட இல்லை, ஆடியில் புதுப்பொண்ணு மாமியார் வீட்டு நடை ஏறுவதில்லை, ஆவணி வரும்போது சண்முகவேல் ஒடிசாவில் ஏதோ ஒரு டவரின் உச்சியில் இருப்பான். அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா டீக்கடையில், "விழாத அட்சதைக்குக் கல்யாணம்னு எப்படிடே சொல்லது? பொண்ணு வீட்டுல போட்ட மோதிரத்தக் கழத்திக் குடுத்துட்டா ரெண்டு குடும்பத்துக்கும் நல்லது," என்று பேசத் தொடங்கியிருந்தார். பகலெல்லாம் மற்றவர்களின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு வந்த கோமதிநாயகி, அம்மா வீட்டுக் கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்தாள். சண்முகவேல் டவரில் ஏறினால் அங்கிருந்து போன் பண்ணுவான், இறங்கினால் ஊர் பேசுவது காதில் விழும் என்று அவன் இறங்குவதையே குறைத்துக்கொண்டான்.

அரிசியை இறக்க நாங்கள் செய்யாத முயற்சி இல்லை. ஒட்டடைக் கம்பால் தட்டினோம். கரண்டில் ஓடுகிற பெரிய காற்றாடியை வைத்து அடித்தோம், வட்டத்தைச் சுற்றிக் கட்டிய கயிறு அறுந்தது, அரிசி அசையவில்லை. மேளக்காரரைக் கூட்டிவந்து மறுபடி கெட்டிமேளம் வாசிக்கச் சொன்னோம். மூட்டை தூக்குகிற சுடலைமுத்து முக்காலியில் ஏறி ஒரே ஒரு மணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான், முக்காலி சரிந்தது, ஆள் அந்த ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு வௌவால்போலத் தொங்கினான், நாங்கள்தான் இறக்கிவிட்டோம். இறங்கியதும் அவன் கோபப்படவில்லை, மேலே பார்த்துக் கும்பிட்டான்.

"எம்மா, என்னா பிடி!" என்றான்.

பழி எங்கே போகும், ஜெபக்கனியிடம்தான் போனது. மலிவு லைட்டை வாங்கி வந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டாள் என்று, முந்தைய மாதம் மாட்டோடு படம் எடுத்துக்கொண்டவனே சொன்னான். ஜெபக்கனி ஸ்டூடியோவின் கதவைச் சாத்திக்கொண்டு, கடையில் சோதித்த அதே ஒழுங்கோடு மறுபடி சோதித்தாள். அரிசியை எறிந்து அடித்தாள், எலுமிச்சம்பழத்தை எறிந்து அடித்தாள், செருப்பைக்கூட எறிந்து அடித்தாள், நாற்பது தடவை அடித்ததில் நாற்பது தடவையும் எல்லாம் தரையில் விழுந்தன. மதுரைக் கடைக்குப் போன் பண்ணினாள், கையேட்டில் அப்படி எதுவும் போடவில்லை அக்கா என்றார்கள். பிறகு அவள் டீக்கடைக்கே போய் எல்லார் முன்னாலும் நின்று, "லைட்டுல கொற இல்ல. இனிமே அத மலிவுன்னு யாரும் சொல்லாதிய. கட்டுப்படியானதுன்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தாள்.

அங்கிருந்து அவள் நேராகப் போனது வடிவம்மாளின் வீட்டுக்கு. வடிவம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஜெபக்கனியும் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவினாள்.

"நான் பிடிவாதக்காரின்னு ஊரு சொல்லுது, எனக்குக் காது கேக்கத்தான் செய்யுது," என்றாள் வடிவம்மாள், கீரையைப் பார்த்தபடியே. "என் கல்யாணத்தன்னைக்கு மழ. போட்ட அட்சதையெல்லாம் தண்ணியோட ஓடிட்டு. எங்க மாமியா தலையத் தடவிப் பாத்துட்டு, பரவால்ல வான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாவ. பதிமூணு வருசத்துல எங்க வீட்டுக்காரவ போயிட்டாவ. இந்தப் பயலுக்கு அப்ப ஏழு வயசு. பரவால்லன்னு சொல்ல எனக்கு நாக்கு வரமாட்டேங்கு, கனி. எனக்குப் பயமா இருக்கு."

ஜெபக்கனிக்கு அழுகை வந்தது, அழுதாள். பிறகு மீதிக் கீரையையும் உருவிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். அன்றுவரை வடிவம்மாளைத் திட்டிக்கொண்டிருந்த நாங்கள், இது தெரிந்தபிறகு குரலைக் குறைத்துக்கொண்டோம்.

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஜெபக்கனி கல்யாணப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கோமதிநாயகியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்த படம், ஆனால் அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான், நல்ல படத்தை மறைத்து வைக்க அவளுக்குத் தெரியாது. கட்டிலில் கிடந்த கோமதிநாயகி எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தாள். அந்த லைட்டின் தயவால் ஒவ்வொரு அரிசி மணியும் அதன் மஞ்சளோடும் முனையோடும் தனித்தனியாகத் தெரிந்தது, எறிந்த கைகளின் ரேகைகூடத் தெரிந்தது, சனத்தின் முகம் எல்லாம் மேல்நோக்கி மலர்ந்திருந்தது. நடுவில் இரண்டு தலை மட்டும் குனிந்திருந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலால் ஒவ்வொரு மணியாகத் தொட்டு, முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாள்.

"யக்கா, எல்லாம் எங்க தலையப் பாத்துத்தான் நிக்கி," என்றாள்.

"ஆமா, அங்கதான எறிஞ்சாவ."

"அப்போ வேற யாரு கைக்கு எப்படி வரும்? சுடலமுத்தண்ணன் தொட்டாச்சு, காத்தாடி தொட்டாச்சு, ஒட்டடக் கம்பு தொட்டாச்சு. எங்க ரெண்டு பேரத் தவிர ஊரே தொட்டுப் பாத்தாச்சுல்லா?"

அது நிஜம். இறங்கின மணவறையில் மறுபடி ஏறக் கூடாது என்று ஒரு முறை இருப்பதால், பொண்ணையும் மாப்பிள்ளையையும் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நாங்கள் விடவில்லை. ஆசீர்வாதம் என்றால் மேலேயிருந்து வரும், வாங்குகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருக்க வேண்டும் என்றுதான் எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து பழக்கம். அது வராமல் நின்றால் என்ன செய்வது என்பதற்குப் பழக்கம் இல்லை. பதிமூன்று நாள் ஆயிரம் பேர் அண்ணாந்து பார்த்தோம், ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாற்பது மீட்டர் டவரில் கயிறு கட்டி ஏறுகிற சண்முகவேலுக்கும் தோன்றவில்லை, அவனுக்கு அதைக் கோமதிநாயகி போனில் சொன்னபோது அவன் டவர் உச்சியில் இருந்தான்.

"அது எட்டடிதான கோமு?" என்றானாம்.

ஆனி கடைசி நாள் காலை பத்து மணிக்கு ஊர் மொத்தமும் மஹாலில் இருந்தது. கோமதிநாயகி கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், சண்முகவேல் பட்டு வேட்டியை டவர்காரனுக்கே உரிய விதத்தில் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தான். பந்தல்காரர்களின் அலுமினிய ஏணியை, இரண்டு பக்கமும் படி வைத்து நடுவில் கூம்பி நிற்கிற ஏணியை, சுண்ணாம்பு வட்டத்துக்குள் விரித்து நிறுத்தினார்கள். பெரியப்பா கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எறங்குன மணவறையில மறுபடி ஏறுததா? எந்த ஊரு நியாயம்?"

"மணவறையத்தான் அன்னைக்கே கழத்திட்டுப் போயிட்டாவள மாமா," என்றாள் கோமதிநாயகி. "இது ஏணில்லா."

பெரியப்பா வடிவம்மாளைப் பார்த்தார். வடிவம்மாள் ஏணியைப் பார்த்தாள். பிறகு போய் அதன் ஒரு காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், ஆடக் கூடாதே என்று.

ஜெபக்கனி லைட்டைக் கொண்டுவந்து கம்பத்தில் ஏற்றியிருந்தாள். அதைப் பார்த்ததும் மஹாலே ஒரே குரலில், "லைட்டப் போடாத!" என்று கத்தியது. லைட்டில் குறை இல்லை என்று நாற்பது தடவை சோதித்தவள் அவள், எங்களோடு சண்டைக்கு வந்திருக்கலாம். அவள் ஏணியின் அடியில் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, சன்னல்களைத் திறக்கப் போனாள். அவள் திறமைக்காக எத்தனையோ தடவை அவளை மெச்சியிருக்கிறோம், அந்த நேரத்தில் மெச்சிய மாதிரி ஒருபோதும் மெச்சியதில்லை.

ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அவன், ஒரே நேரத்தில் ஒரு படி, இன்னொரு படி என்று ஏறினார்கள். அவள் படிக்கொரு தடவை நின்று சேலையைச் சரிசெய்தாள், அவன் படிக்கொரு தடவை நின்று அவளுக்காகக் காத்திருந்தான். நாதஸ்வரக்காரர் வாயில் வைத்த சீவாளியை ஊத மறந்து நின்றார். நாலாவது படியில் இருவர் முகமும் எதிர்எதிரே வந்தது, இன்னும் ஒரு படிதான். அங்கே அவள், கல்யாணத்தன்று குனிந்த தலையை, பொண்ணு பார்க்க வந்த அன்று குனிந்த தலையை, பெண்பிள்ளை என்று சொல்லிச் சொல்லி நாங்கள் எல்லாரும் சேர்ந்து குனியவைத்த தலையை நேராக நிமிர்த்திக்கொண்டு, கடைசிப் படியில் ஏறினாள். அவனும் ஏறினான்.

அரிசி அவர்களுக்கு இடம் கொடுத்தது. வீட்டுப் பூனை தேடிவந்து மடியில் உட்காருகிற மாதிரி, ஒவ்வொரு மணியாக, அவசரமில்லாமல், தலைமயிரிலும் நெற்றியிலும் பூவிலும் வந்து உட்கார்ந்தது. எட்டாத உயரத்தில் நின்ற மணிகளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்து இடம் பார்த்து அமர்ந்தன. ஓரத்தில் நின்ற கூச்சக்காரியின் அரிசி கடைசியாக வந்தது, நெல்லும் வந்தது, ரோஜா இதழும் வந்தது. ஒன்றுகூடத் தரையில் சிந்தவில்லை. நாங்கள் அழுதோம், வெளிப்படையாகவே அழுதோம், பெரியப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். ஜெபக்கனி சன்னல் வெளிச்சத்தில் ஒரே ஒரு படம் எடுத்தாள், அழுதுகொண்டே அமுக்கியதால் அது கலங்கிப் போனது, அவள் எடுத்ததில் கலங்கிய படம் அது ஒன்றுதான்.

சனம் மொத்தமும் பின்னால் நடக்க, ஏணியிலிருந்து இறங்கியவர்கள் அப்படியே தெருவழியாக மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார்கள். வடிவம்மாள் முன்னால் ஓடிவந்து பானையின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள். கோமதிநாயகி மாமியாரைவிட ஒரு முழம் உயரம், போதாததற்குக் கொண்டை வேறு.

"தலையக் குனிம்மா. ஒரு மணி எடுக்கணும்லா," என்றாள் வடிவம்மாள்.

"குனிஞ்சா கொட்டிரும் அத்தை," என்றாள் கோமதிநாயகி.

வடிவம்மாள் மருமகளின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, எக்கி, கால் விரல்களை ஊன்றி நின்று, ஒரே ஒரு மணியை எடுத்துக்கொண்டாள்.